வாயசைவுக்கு ஒரு வார்த்தை

அத்தியாயம் 14

போன வாரம் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் அதைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

துலுக்கானம் வருகிறேன் என்று சொன்னது வாஸ்தவம்தான். இருபத்திரண்டு வருஷமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்காத மனுஷன். அவரைத் தேடி வேப்பம்பட்டுக்கே போய்க் காலில் விழுந்தான் அக்கா மகன் லோகேஷ். "ஞாயித்துக்கிழம கல்யாணம் மாமா. வெள்ளிக்கிழம பந்தக்கால். நீ வந்து நடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்" என்றான். அவர் ரொம்ப நேரம் அவன் புருவத்தையே பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

லோகேஷின் அப்பா கங்காதரன் போய் ஆறு வருஷமாகிறது. பெரியவர் என்று நிற்க வீட்டில் ஆளில்லை. கூடப்பிறந்த தம்பியின் கை படாமல் மகனுக்குக் கல்யாணம் நடந்துவிடுமோ என்று முனியம்மா மருகிய மருகல் சென்னீர்குப்பம் முழுக்கத் தெரியும். சேதி கேட்ட அன்று அவள் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டாள்.

எல்லாம் சுபமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு வீடியோ வந்து நிற்கிறது என்பது முனியம்மாவின் மகள் தாட்சாயிணிக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. தம்பி கல்யாணத்துக்காக நாலு நாளாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். கணவன் தினகரன் ஷிப்டுக்குப் போய்விட்டான், இனி சாயங்காலம்தான் வருவான். குழாயடியில் மாவிலையைக் கழுவிக்கொண்டிருந்தவளின் போனில், போன மாதம் அவளைப் பேட்டி எடுத்தவர்களிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, ஒன்பது மணிக்கு ரிலீஸ். நீங்க எடுக்கச் சொன்ன இடம்தான் பேட்டிக்கே உயிர். அதை எடுத்தா ஒண்ணுமே இல்லக்கா. மாமா பேரு எங்கயும் வரல. டென்ஷன் ஆவாதீங்க."

பேர் வராவிட்டால் என்ன? ஊருக்குக் கண் இல்லையா, காது இல்லையா?

விஷயம் இதுதான்.

'காட்டுப் பள்ளிக்கூடம்' ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரத்து மூன்றில் தினம் சாயந்திரம் ஐந்தரைக்கு டிவியில் வந்த பொம்மைப் படம். அது ஓடும் அரை மணி நேரத்துக்குப் பூந்தமல்லித் தெருக்களில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. அதில் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் டொம்மு என்கிற ஒட்டகம். யார் என்ன கேட்டாலும் "இரு இரு… வந்துகினே கீது" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்லும். அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவர்கள் இன்றைக்கு ஆபீஸ் லிப்ட் வரத் தாமதமானால் அதைத்தான் சொல்கிறார்கள். டொம்முவுக்குக் குரல் கொடுத்தது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. குரல் கொடுத்தவர்கள் பேரையெல்லாம் அந்தக் காலத்தில் யார் போட்டார்கள்?

குரல் தாட்சாயிணியுடையது. அந்த வார்த்தை துலுக்கானத்துடையது.

துலுக்கானத்துக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சில் சிக்கல். பேசிக்கொண்டே வருவார், திடீரென்று ஒரு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். உடனே விரலைச் சொடுக்கி, "இரு இரு… வந்துகினே கீது" என்பார். அதைச் சொன்னால் வார்த்தை இறங்கி வந்துவிடும். அவருக்கு அவரே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்.

டப்பிங் வேலை எப்படியென்றால், வெளிநாட்டு ஒட்டகம் ஏழு தடவை வாயைத் திறக்கும். எழுதிக் கொடுத்த தமிழ் வசனம் நாலிலேயே முடிந்துவிடும். மிச்சமிருக்கிற வாயசைவுக்கு எதையாவது போட்டாக வேண்டும். "வாய் சும்மா ஆடுது பார், எதையாவது போடு பாப்பா" என்றார் ஸ்டுடியோவில் இருந்தவர். பதின்மூன்று வயது தாட்சாயிணி சட்டென்று தோன்றியதைப் போட்டாள், விரல் சொடுக்கோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமும் அதையே போடச் சொன்னார்கள். போட்டாள். சொல்லப்போனால் ஆசையாகவே போட்டாள்.

அப்போது துலுக்கானம் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டே மாதம். வேனில் வரும் முப்பது பிள்ளைகளும் அவர் வாயைத் திறந்தாலே கோரஸாக "வந்துகினே கீது" பாட ஆரம்பித்தார்கள். டிவியே பார்க்காத மனுஷன் அவர். தன் பேச்சை யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் கிண்டல் செய்யவைக்கிறார்கள் என்று நினைத்தார். வேனில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எட்டு வயது லோகேஷ்.

"நான் சொல்லித்தரல மாமா" என்றான் அவன். நாலு தடவை சொன்னான். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் மாமா கையை ஓங்கினார். பிள்ளை வேன் கதவில் போய் மோதியது. புருவத்தில் ஐந்து தையல். பள்ளிக்கூடத்தில் அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். அவமானத்தோடு ஊரை விட்டுப் போனவர்தான். பெண் பார்த்து வைத்திருந்த இடமும் கைநழுவியது. இன்றுவரை ஒண்டிக்கட்டை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் லோகேஷுக்கு ஒரு பட்டப்பெயர்: மாமன் பொழப்பைக் கெடுத்தவன். பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அதுதான், பால் பாக்கெட்டைக் கீழே போட்டாலும் அதுதான்.

"அந்த ஒட்டகம் யாருடி பேசறது?" என்று அம்மா ஒருதரம் தாட்சாயிணியைக் கேட்டாள்.

"யாரோ கோடம்பாக்கத்துப் பையம்மா. நான் மான்குட்டி மட்டும்தான்."

மான்குட்டியும் அவள்தான். பாதிப் பொய். முழுப் பொய்யைவிடப் பாதிப் பொய்க்கு ஆயுசு கெட்டி.

அப்படி இருபத்திரண்டு வருஷம் வாயை மூடியிருந்தவள் போன மாதம் கேமரா முன்னால் ஏன் திறந்தாள் என்று கேட்பீர்கள். பழைய சிறுவர் நிகழ்ச்சிகளைப் பற்றியே வீடியோ போடுகிற இரண்டு பேர், அவளைக் கண்டுபிடித்து, அம்பத்தூரில் அவள் டோக்கன் கூப்பிடுகிற ஸ்கேன் சென்டருக்கே பூங்கொத்தோடு வந்தார்கள். "எங்க சின்ன வயசே நீங்கதான்க்கா" என்றார்கள். நரம்பில்லாத நாக்கு, அதன் மேல் கொஞ்சம் தேனையும் தடவினால் என்ன ஆகும்? அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டாள். அப்போது மாமா வருகிற பேச்சே இல்லை. லோகேஷ் வேப்பம்பட்டுக்குப் போனது அதற்குப் பிறகு.

மாவிலையை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, அந்த நவதானியத்த இங்க எடு."

சொன்னாள். ஒரு மூச்சில் சொன்னாள். முனியம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தை மேடை மேல் வைத்தாள். ரொம்ப மெதுவாக வைத்தாள்.

"நீயா பேசுன?"

"நான்தாம்மா."

"பாவி. அந்தப் புள்ளய எத்தினி நாளு நான் வெளக்குமாத்தால அட்ச்சிருப்பேன்."

முனியம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். குரல் இறங்கியது.

"இப்ப இன்னாத்துக்கு இத சொல்ற?"

"ஒம்போது மணிக்கு ஊரே பாக்கப்போவுது. அதுக்கு முன்னாடி நானே மாமா கிட்ட சொல்லிடறேன்."

"ஒரு மண்ணும் சொல்ல வாணாம். மூணு நாளு பொறு. ஞாயித்துக்கிழம தாலி ஏறட்டும், அப்பால நீ ஆரு கிட்ட வேணா சொல்லு. என் தம்பி கிட்ட இருக்கிறது பட்டன் போன். அதுல ஒரு வீடியோவும் வராது. இன்னிக்கு அவன் இந்த வாசல்லேர்ந்து திரும்பிப் போனான்னு வச்சிக்கோ, நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் பயமும் நியாயம்தானே? தாட்சாயிணி வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கலையில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

துலுக்கானம் எட்டு மணிக்கு வந்தார். மினி வேனின் பின்னால் பச்சை மூங்கில் ஒன்று. அவரே பார்த்து வெட்டி எடுத்து வந்தது. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பது போல் நின்றார்.

"வாடா" என்றாள் முனியம்மா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லோகேஷ் ஓடிப் போய் மூங்கிலின் ஒரு முனையைப் பிடித்தான். "நானே இறக்குறேன் மாமா, நீ உக்காரு."

"பரவால்ல… நா… நா…"

வார்த்தை நின்றுவிட்டது. தாட்சாயிணி அவருடைய விரல்களைப் பார்த்தாள். அவை அசையவில்லை. சொடுக்குவதை என்றைக்கோ விட்டுவிட்டார் போல. ஒரு கணம் பார்த்துவிட்டு, வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டு, கையால் 'தூக்கு' என்று ஜாடை காட்டினார். இந்த வீட்டில் அந்த மனுஷன் பேசிய பேச்சு எத்தனை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். சிக்கினாலும் விடமாட்டார். இப்போது வாக்கியத்தைப் பாதியிலேயே போட்டுவிடுகிறார்.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை.

"தாட்சா. எப்டிகீற? டிவில பேசறத ஏன் உட்டுட்ட? எம்மாம் நல்லா பேசுவ."

"காப்பி எடுத்தாறேன் மாமா" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

ஒன்பது மணி அடித்தது. அடுப்படி மேடையில் அவள் போன் ஒருதரம் அதிர்ந்தது. பிறகு இன்னொரு தரம். அப்புறம் ஓயவே இல்லை. அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினாள்.

பஞ்சாங்கப்படி ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். வாசலில் சிமென்ட் போட்ட காலத்திலேயே கங்காதரன் ஈசானி மூலையில் ஒரு சாண் அகலத்துக்குக் குழி விட்டு, மேலே பலகைக்கல் மூடியிருந்தார். இரண்டு பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் அதே குழி. லோகேஷ் கல்லை நகர்த்தி, கடப்பாரையால் மண்ணைக் குத்தி இளக்கினான். அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். துலுக்கானம் மூங்கிலுக்கு மஞ்சள் பூசினார். குனிந்து, நிதானமாக, ஒரு இடம் விடாமல் பூசினார்.

லோகேஷின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. கை முழுக்க மண். தாட்சாயிணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தாகப் பத்து நிமிஷம். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கல்யாணப் பெண் சுவேதாவின் சித்தி மகள் சுரேகா. ஐடி கம்பெனியில் வேலை, பூந்தமல்லியில் பிளாட். ரிசப்ஷனுக்கு லோகேஷ் போடப்போகிற கோட்டைத் தையல்காரரிடமிருந்து வாங்கி வந்திருந்தாள். கோட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நேராகத் தாட்சாயிணியிடம் வந்தாள்.

"அக்கா, நீங்களா டொம்மு?"

தாட்சாயிணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உள்ள வாம்மா, காப்பி சாப்பிடு."

"இருங்கக்கா. எங்க ஆபீஸ் பூரா இதுதான் ஓடுது. எங்க சம்பந்தி வீட்டு அக்கான்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. ஒரே ஒரு தடவை சொல்லுங்கக்கா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். குரூப்ல வீடியோ போட்டுட்டேன், மாப்பிள்ளை பாத்துட்டாரா?"

கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த குரூப் அது. அறுபத்துமூன்று பேர்.

"இப்ப வேணாம்மா, நேரம் ஆவுது" என்று முனியம்மா நடுவில் புகுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

சுரேகா நல்ல பெண். சந்தோஷத்தில் காது அடைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். "அம்மா, நீங்க பாருங்க, எவ்ளோ அழகா பேசியிருக்காங்க" என்று போனை நீட்டித் தட்டினாள்.

தாட்சாயிணியின் சிரிப்பு வாசல் முழுக்கக் கேட்டது. "எங்க வீட்டுல ஒருத்தரு இருந்தாருங்க. அவருக்குப் பேச்சு வராது. வராதப்ப இன்னா பண்ணுவாருன்னா…"

தாட்சாயிணி போனைப் பிடுங்கி நிறுத்தினாள்.

மஞ்சள் பூசிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. துலுக்கானம் நிமிரவில்லை. லோகேஷ் கடப்பாரையைப் பிடித்தபடி அக்காவையே பார்த்தான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவின் கண்கள் கெஞ்சின. தாட்சாயிணி அந்தப் பக்கம் பார்க்காமல் வாசற்படியை விட்டு இறங்கினாள்.

"மாமா. அந்த ஒட்டகம் நான்தான். உன்னப் பாத்துத்தான் பேசினேன். வாயசைவு மிச்சம் இருந்துச்சு, எதையாவது போடச் சொன்னாங்க, உன் வார்த்தையப் போட்டேன். வேன்ல வந்த பசங்க டிவிய பாத்துத்தான் கத்துக்கினாங்க. லோகு யாருக்கும் எதையும் சொல்லித்தரல. அவன் சொன்னது நெஜம்."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டது லோகேஷ்.

"அப்பவே தெரியும்."

சுமங்கலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரேகா போனை வாங்கி மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாவம், ஓடி ஒளிய இடம் தேடியது அவள் முகம்.

துலுக்கானம் எழுந்து நின்றார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

"டேய் தம்பி, அது சின்னப் பொண்ணுடா அப்ப, தெரியாத்தனமா…" என்று முனியம்மா அவர் வாக்கியத்தைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் மஞ்சள் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். இந்த முறை அவர் விட்டுவிடவில்லை. நின்றார். நெடுஞ்சாலையில் போகும் லாரிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தாட்சாயிணிக்குத் தெரிந்தது.

"ஒவ்வொரு சனிக்கெழமையும்…" என்றார் கடைசியில். "நாந்தானே உன்ன வேன்ல இட்டுகினு போனேன். வெளிய மரத்தடில நிப்பேன். கதவு தொறக்கும்போதெல்லாம் உள்ள சிரிக்கிற சத்தம் வரும். நம்ம பொண்ணு நல்லா பேசுது போல, அதான் அல்லாரும் சிரிக்கிறாங்கன்னு… நானும் சிரிச்சிகினே நிப்பேன்."

தாட்சாயிணிக்கு அழுகை பொங்கி வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

அவர் அவளை மேலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோகேஷின் பக்கம் திரும்பினார்.

"நீ நாலு வாட்டி சொன்ன. நான் சொல்லல மாமான்னு. நா… நான் கேக்கல."

"போனது போச்சு மாமா."

"போவல." கையை நீட்டி அவன் புருவத்துத் தழும்பைத் தொட்டார். மஞ்சள் ஒட்டிக்கொண்டது. "இது போவலயே."

லோகேஷ் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முப்பது வயது ஆண்பிள்ளை, நாலு பேர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதான். முனியம்மா குறுக்கே போய் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, பத்து இருவதாயிடுச்சிடா, ராவு காலம் வரப்போவுது" என்று அழுகையோடு அவள் சொன்னபோதுதான் துலுக்கானம் மூங்கிலைத் தூக்கினார்.

"புடி" என்றார்.

மாமனும் மருமகனுமாகப் பந்தக்காலைக் குழியில் இறக்கினார்கள். மஞ்சள் துணியில் முடிந்த நவதானியத்தையும் மாவிலையையும் கட்டினார் துலுக்கானம். சுமங்கலிகள் பால் ஊற்றினார்கள். தாட்சாயிணியும் தன் முறைக்கு ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. மணி பத்து இருபத்தாறு.

முனியம்மா கற்பூரத்தை ஏற்றிவிட்டு, மகளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். தப்பித்தோம் என்று அதற்கு அர்த்தம்.

தாட்சாயிணியும் அப்படித்தான் நினைத்தாள். மாமா போகவில்லை. கால் நட்டாயிற்று. உள்ளே உட்கார்ந்து, அம்மா வைத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் வைத்த சட்னியை மட்டும் தொடவில்லை, போகட்டும். காலில் விழலாம், திட்டு வாங்கலாம், காலம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மார்பில் கிடந்த கல்லை இறக்கிவைத்தாகிவிட்டது.

கொல்லைப்புறக் குழாயடியில் லோகேஷ் கை கழுவிக்கொண்டிருந்தான். மண் எப்போதோ போய்விட்டது. அவன் கழுவிக்கொண்டே இருந்தான்.

"லோகு" என்றாள்.

"ம்."

"மன்னிச்சிடுடா."

அவன் குழாயை மூடினான். புருவத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"மாமாவுக்குத் தெரியாது. அதனால அடிச்சாரு. அம்மாவுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "எட்டாவது படிக்கும்போது அம்மா என்ன ரெண்டு நாளு சோறு போடாம வெளிய நிக்க வச்சிச்சு. நீ ஜன்னல் வழியா எனக்கு முறுக்கு குடுத்த. நான் நெனச்சேன், உலகத்துல என்ன நம்பறது எங்கக்கா ஒண்ணுதான்னு."

"நம்பினேன்டா."

"நம்பல. தெரிஞ்சி வச்சிருந்த. ரெண்டும் வேற."

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னான்.

"கல்யாணத்துக்கு வா. மாமா இருக்காரு, அம்மா இருக்குது, வராம இருக்காத. ஆனா நாத்தனார் முடிச்சு நீ போட வாணாம். நசரத்பேட்டைல எழிலுக்கு போன் பண்ணிட்டேன். அது போடும்."

போய்விட்டான்.

மூன்று முடிச்சில் இரண்டை மாப்பிள்ளை போடுவான், மூன்றாவதைக் கூடப்பிறந்தவள் போடுவாள். உடன்பிறந்த அக்கா உயிரோடு, சுமங்கலியாகப் பக்கத்தில் நிற்கும்போது சித்தப்பா மகள் எழிலைக் கூப்பிட்டுப் போட வைத்தால் மண்டபத்தில் முந்நூறு பேரும் ஏன் என்று கேட்பார்கள். அவனுக்குத் தெரியாமலா? தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

அடுப்படிக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது. எழிலரசி.

"அக்கா, லோகு போன் பண்ணான். முடிச்சு நான் போடணுமாம். ஏண்டான்னா அக்காவையே கேட்டுக்கன்னு வச்சிட்டான்." எழிலரசி குரலைத் தழைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம உனக்கு தூரமாக்கா? அப்டின்னா சொல்லு, ஜனங்க கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

எவ்வளவு சுலபம். ஆமாம், மாதவிலக்குதான் என்று ஒரு வார்த்தை. யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மானம் மிஞ்சும், மண்டபம் வாயை மூடிக்கொள்ளும், லோகேஷும் மறுக்கமாட்டான்.

தாட்சாயிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல எழிலு. நான் நல்லாத்தான் கீறேன். அவனுக்கு என் கை வாணாமாம். ஞாயம் அவன் பக்கம்தான். யாரு கேட்டாலும் அப்டியே சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். காலி தட்டைக் கையில் பிடித்தபடி மாமா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.